திரும்பி வர லோரி உண்டா?

எங்கள் தோட்டத்திலிருந்து யாரையும் வலுக்கட்டாயமாகச் சயாமுக்கு அனுப்பவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழ்நாட்டுத் தோட்டங்களில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஆட்களைக் கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே லோரியில் அள்ளிப் போட்டார்களாம். கேமரன் மலைத் தேயிலைக்காரர்களான எங்களுக்கு அந்த அவமரியாதை நேரவில்லை. எங்களை முறையாக நேர்காணல் வைத்து, சம்மதம் கேட்டு, சந்தேகம் தீர்த்து, அதற்குப் பிறகுதான் அள்ளிப் போட்டார்கள்.

அதற்கென்றே ஒரு சபை மலையேறி வந்தது. ‘விருப்பம் அறியும் சபை’ என்று பெயர். தலைவர் மொரிகாவா என்ற ஜப்பானிய அதிகாரி. உறுப்பினர்கள் என்று வேறு யாரும் இல்லை. வாசலில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள், அவர்களைச் சேர்த்துக்கொண்டால் மூன்று பேர். கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓடிப்போன வெள்ளைக்கார துரையின் சாப்பாட்டு மேசையைப் போட்டு, அதன்மேல் ஒரு ஜாடியில் பூவும் வைத்தார்கள். பூ வைத்த மேசைக்கு முன்னால் அதுவரை எங்களில் யாரும் நின்றதில்லை.

மொழிபெயர்ப்பு எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி கொர்னேலியஸ். வெள்ளைக்காரன் மலையிறங்கிய தூசு அடங்குவதற்குள் ஜப்பான் பாஷை படித்துக்கொண்ட மனுஷன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் என்பதால், மொரிகாவா என்ன உறுமினாலும் அது இவர் வாயிலிருந்து பிரசங்கமாகத்தான் வந்து விழும்.

“அன்பான தோட்ட மக்களே!” என்று முதல் நாள் ஆரம்பித்தார். “வெள்ளைக்காரன் உங்கள் முன்னோரைக் கப்பலில் ஏற்றும்போது விருப்பம் கேட்டானா? கேட்கவில்லை. நாங்கள் கேட்கிறோம். கேட்பதுதான் ஆசியாவின் பண்பாடு. சயாமிலே ஒரு ரயில் பாதை எழும்புகிறது. அங்கே நல்ல சோறு இருக்கிறது, நல்ல வீடு இருக்கிறது, நல்ல மருந்து இருக்கிறது. ஆள் மட்டும்தான் தீர்ந்துகொண்டே இருக்கிறது.”

கடைசி வரியைச் சொன்ன பிறகு கொர்னேலியஸ் ஒருமுறை இருமினார். ஆனால் மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இல்லை.

அன்று சாயங்காலமே கிராணி வீட்டுப் பின்கட்டில் பாடம் தொடங்கிவிட்டது. தூரத்து வேலைக்கு நேர்காணல் என்றால் இடம் மாறுகிற கேள்வியை எப்படிச் சமாளிப்பது என்று கொர்னேலியஸ் சொல்லிக்கொடுத்தார். தட்சிணை ஒரு கோழி.

“எடுத்த எடுப்புல முடியாதுன்னு சொல்லக் கூடாது லா,” என்றார். “அதுக்கு ஒரு பதவிசு இருக்கு. மொதல்ல ‘சந்தோஷம்’னு சொல்லணும். அப்புறம் குடும்ப நெலவரத்த மெதுவா எடுத்து விடணும். கடைசியில ‘இப்போதைக்கு’ன்னு ஒரு வார்த்தையப் போட்டு நிறுத்திக்கணும். துரைக்கும் மனசு கோணாது, நீயும் எடத்த விட்டு அசைய வேண்டாம்.”

அந்தப் பாடத்துக்குத் தன் கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் மாடசாமியும் ஒருவன். அவன் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியைக் கழித்து இடுப்பளவில் நிறுத்துகிற வேலை. ஜப்பான்காரனுக்குத் தேயிலையைவிட மரவள்ளிக்கிழங்குதான் முக்கியம் என்றாகிவிட்டதால் கவ்வாத்துக் கத்தி துருப்பிடித்துக் கிடந்தது, மேல்மலைச் செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் மரமாகிவிட்டது. அவன் கொடுத்த கோழி சும்மா வந்த கோழியல்ல. அவன் பெண்சாதி தங்கம்மா நிறைமாதம். பிரசவமானால் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று கிழங்குத் தோலைப் போட்டு வளர்த்த கோழி அது. இதற்கு முன் இரண்டு பிள்ளை தங்கவில்லை. கிழங்கைத் தின்று கால் இரண்டும் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்த தங்கம்மா, கோழி போனால் போகட்டும் என்று விட்டாள்.

“என்ன வேணா பொய் சொல்லுங்க,” என்றாள். “எனக்கு நோவுன்னு சொல்லுங்க, பைத்தியம்னு சொல்லுங்க. நீங்க இல்லாம நான் இந்தப் புள்ளையப் பெத்துக்க மாட்டேன். ஆமா, சொல்லிட்டேன்.”

“நான் எங்க புள்ள போகப் போறேன்?” என்றான் மாடசாமி.

நேர்காணல் ஆரம்பித்தது. முதலில் போனவன் பாடத்தின்படி “சந்தோஷங்கய்யா” என்றான். மொரிகாவா அந்த இடத்திலேயே முத்திரையைக் குத்தினார். மிச்சப் பாடம் அவன் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

இரண்டாவது ஆள் உஷாராகி, “வரமாட்டேன்” என்று ஒரே போடாகப் போட்டான். மொரிகாவா எழுந்து நின்று அவனுக்குக் கை கொடுத்தார். “உண்மையைப் பேசுகிற மனிதன்! இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் சயாம் காத்துக்கொண்டிருக்கிறது” என்றார். குத்தினார்.

ஒருவன் காது கேட்காதவன்போல நடித்தான். அங்கே பாறைக்கு வெடி வைக்கிற இடத்தில் காதுள்ளவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள், இவனுக்கு அந்தத் தொல்லை இல்லை என்று சபை மகிழ்ந்தது. இருமி இருமிச் சளி துப்பிக் காட்டியவனுக்கு மலைக்குளிர் ஆகவில்லை, சயாம் வெயிலில் குணமாகிவிடுவான் என்று கருணையோடு முடிவானது. ஒருவன் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். “குடும்பத்தின்மேல் இவ்வளவு பாசமா! சீக்கிரம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று இவன் இரண்டு ஆள் வேலை செய்வான்” என்றார் மொரிகாவா. சபை கூப்பிட்ட எங்கள் ஆட்களில், தேறாமல் வெளியே வர ஒருவனுக்கும் துப்பில்லை.

சின்னையாவும் தேறினான். சின்னையா யாரென்றால், மாடசாமியின் கவ்வாத்துக் கூட்டாளி, அடுத்த வீட்டுக்காரன், கல்யாணமாகாதவன், மச்சான் மச்சான் என்று ஒட்டிக்கொண்டு திரிகிறவன். எந்தக் காரியத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுக்கும்போது அவன் வீட்டில் வேட்டி தேடிக்கொண்டிருப்பான். கங்காணி “சின்னையா!” என்பார். வரிசையில் நிற்கிற மாடசாமி குரலை மாற்றி, “வந்திருக்கேன்யா!” என்பான். இது எங்கள் பெரட்டில் ஊரறிந்த சங்கதி. ஒருத்தனுக்கு ஒருத்தன் குரல் கொடுக்காவிட்டால் வரிசை வீட்டு லயத்தில் பிறகு என்ன வாழ்க்கை? கங்காணிக்கும் தெரியும், கொர்னேலியஸுக்கும் தெரியும். அதிலும் ஜப்பான்காரன் வந்து கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த பிறகு, விடிவதற்கு முன்பே கும்மிருட்டில் பெரட்டு. பனி வேறு. பக்கத்தில் நிற்பவன் முகமே தெரியாது, குரல்தான் ஆள்.

மாடசாமியின் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு மேசைமுன் நின்றான்.

“இடம் மாற உனக்குச் சம்மதமா?”

“வீட்டுக்காரி நெறமாசங்கய்யா. ரெண்டு புள்ள தக்கல. நான் இல்லேன்னா அவளுக்கு ஆளில்லீங்க.”

கொர்னேலியஸ் மொழிபெயர்த்தார். மொரிகாவாவின் முகம் கனிந்தது.

“குடும்பஸ்தன் கிடைப்பது எங்கள் பாக்கியம்,” என்று வந்தது பதில். “தனியாள் பாதியில் ஓடிவிடுவான். குடும்பம் உள்ளவன் ஓடமாட்டான். ஓடினால் யாரைப் பிடிப்பது என்று எங்களுக்குத் தெரியும் அல்லவா?”

முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். ஆனால் சபைக்கு ஒரு சம்பிரதாயம் இருந்தது. குத்துவதற்கு முன், ‘சபையிடம் நீ கேட்க விரும்புவது ஏதாவது உண்டா?’ என்று கேட்க வேண்டும். எல்லாரும் இல்லை என்று தலைகுனிந்துவிட்டுப் போனார்கள். மாடசாமிக்குச் சபை நாகரிகம் தெரியாது. கேட்கச் சொன்னால் கேட்கத்தானே வேண்டும் என்று நினைத்துவிட்டான்.

“திரும்பி வர்றதுக்கு லோரி உண்டாங்கய்யா?” என்றான்.

கொர்னேலியஸ் அதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். மொரிகாவா சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து புரட்டினார், பின்னாலிருந்தும் புரட்டினார். போவதற்கு லோரி இருந்தது, தாப்பா ஸ்டேஷனிலிருந்து ரயில் இருந்தது, எத்தனை பேருக்கு ஒரு பெட்டி என்பதுகூட இருந்தது. வருவதைப்பற்றி ஒரு வரி இல்லை. வாசலில் நின்ற சிப்பாய்கூடத் தலையை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தான்.

மொரிகாவாவைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் நேர்மையான அதிகாரி. முத்திரையைக் கீழே வைத்தார். “சந்தேகம் தீராதவனை அனுப்பக் கூடாது என்பது சபையின் சட்டம். இந்தக் கேள்வி மேலிடத்துக்குப் போகும். பதில் வரும்வரை மாடசாமியை யாரும் தொடக் கூடாது” என்றார்.

மாடசாமி வெளியே ஓடிவந்து தங்கம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு லயம் முழுக்கக் கேட்டது. வீங்கின காலோடு எழுந்து நின்று சிரித்தாள். கொர்னேலியஸ், ‘என்கிட்ட படிச்ச பையன்’ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகென்ன, அடுத்துப் போன அத்தனை பேரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். சபை அதற்கும் வழி கண்டுபிடித்தது. “இந்தக் கேள்வி ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது. நீ போ. பதில் வந்ததும் சயாமுக்கே அனுப்பிவைப்போம்.”

லோரிகள் வந்த நாளும் பெரட்டு நேரம்தான். இருட்டு, பனி, லோரி விளக்கின் மஞ்சள் வெளிச்சம், பெண்களின் அழுகை. மாடசாமிக்கு அங்கே வேலையில்லை. சின்னையா வெறும் வயிற்றோடு போவானே என்று தங்கம்மா கிழங்கை அவித்துத் துணியில் முடிந்து கொடுத்திருந்தாள். அதைக் கொடுக்கத்தான் வந்தான். வரிசையில் தேடினான், சின்னையாவைக் காணோம். வழக்கம்போல வேட்டி தேடுகிறான் போலிருக்கிறது என்று, அவனுக்கு இடம் பிடித்த மாதிரி வரிசையிலேயே நின்றுகொண்டான்.

கொர்னேலியஸ் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவனாகக் குரல் கொடுத்து ஏறினான்.

“சின்னையா!”

பதில் இல்லை.

“சின்னையா!”

“வந்திருக்கேன்யா!” என்றான் மாடசாமி.

சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அடப்பாவி, நாக்கில் சனி என்பது இதுதான். அதற்குள் சிப்பாய் அவன் பிடரியில் கை வைத்துவிட்டான்.

“ஐயா! நான் இல்லய்யா! பழக்கதோஷம்யா! தெனம் லேட்டா வருவான்யா, அதான் கொரலு குடுத்தேன்! கிராணியாரே, சொல்லுங்கய்யா!”

கொர்னேலியஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. மொரிகாவாவிடம் போய், இவன் சின்னையா இல்லை, கேள்வி கேட்ட மாடசாமி என்று ஜப்பான் பாஷையில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். தினமும் குரல் கொடுத்த சங்கதியை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்தால், ‘அப்படியானால் இத்தனை காலப் பெரட்டும் பொய்யா?’ என்பது அடுத்த கேள்வியாக வரும். அதற்குக் கழுத்தைக் கொடுக்க வேண்டியவர் கொர்னேலியஸ்.

மொரிகாவா யோசித்தார். பிறகு நிதானமாகப் பேசினார். கொர்னேலியஸ் கோயில் குரலில் எங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

“மாடசாமியின் விஷயம் மேலிடத்தில் இருக்கிறது. பதில் வராமல் மாடசாமியை நான் லோரியில் ஏற்ற மாட்டேன். ஏற்றினேன் என்று சொல்வது என் நேர்மைக்கு இழுக்கு. ஆகவே, இப்போது லோரியில் ஏறுகிறவன் மாடசாமி அல்ல. பெயரைக் கூப்பிட்டோம், பதில் வந்தது. நாங்கள் முகம் பார்த்து ஆளெடுப்பதில்லை. எல்லாரும் எங்களுக்குச் சமம்.”

தங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது லோரி ரிங்லெட் பக்கம் இறங்குகிற வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் சேற்றில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தூற்றினாள். மொரிகாவா அவளைக் குனிந்து வணங்கினார். “அம்மா, அழாதே. உன் கணவனை நாங்கள் அனுப்பவில்லை” என்று சொல்லச் சொன்னார். கொர்னேலியஸ் சொன்னார்.

வெயில் வந்த பிறகு மேல்மலையிலிருந்து சின்னையா இறங்கி வந்தான். கவ்வாத்து வெட்டாத செடிக்குள் ஒளிந்திருந்தானாம். மேலெல்லாம் கிழிசல், அட்டை கடித்த ரத்தம். விஷயம் தெரிந்ததும் தங்கம்மாவின் வாசலில் வந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஆளு இல்லேன்னா விட்டுட்டுப் போயிருவான்னு நெனச்சேன் தங்கச்சி. கம்போங் ராஜா பக்கம் காட்டுல ஓடிரலாம்னு இருந்தேன். எனக்கு மச்சான் கொரலு குடுப்பான்னு சத்தியமா நெனக்கல தங்கச்சி.”

“நெனச்சிருக்கணும்ணே,” என்றாள் தங்கம்மா. “தெனமும் குடுத்தவருதானே.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவன் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் பெரட்டில் கங்காணி வழக்கப்படி பெயர் கூப்பிட்டார். அவர் கையில் இருந்த கணக்கில் மாடசாமி தோட்டத்தில்தான் இருந்தான். சபையே சொல்லியிருக்கிறது, அவனை அனுப்பவில்லை என்று. அவன் பெயருக்குக் குரல் வராவிட்டால் காட்டுக்கு ஓடிய கம்யூனிஸ்ட் என்று ஆகிவிடும், அந்தப் பெயருக்கு அளக்கிற பங்கீட்டு அரிசி தங்கம்மாவுக்கு நின்றுவிடும், பிறகு அவளைக் கூட்டிக்கொண்டுபோய் விசாரிப்பார்கள்.

“மாடசாமி!”

“வந்திருக்கேன்யா,” என்றான் சின்னையா. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அன்றைக்கு அவன் நேரத்துக்கு வந்திருந்தான்.

அன்றிலிருந்து சின்னையா மாடசாமியானான். மாடசாமியின் மண்வெட்டியை எடுத்தான், மாடசாமியின் அரிசியை வாங்கி அப்படியே தங்கம்மாவின் வாசலில் வைத்துவிட்டு, தான் கிழங்கைத் தின்றான். பிள்ளை பிறந்தது. பெண். கோழிச்சாறு இல்லாமலே தங்கிவிட்டது. தங்கம்மா அதைத் தூக்கிக்கொண்டு தினமும் லோரி வருகிற வளைவுவரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கேள்வி போயிருக்கிறதே, பதில் வந்தால் ஆளும் வந்துவிடும் என்று எப்படியோ அவளுக்கு ஒரு நம்பிக்கை. எங்களுக்கும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். புருஷனை அனுப்பிய வீடெல்லாம் மாடசாமியின் கேள்வியை நம்பித்தான் அடுப்பு மூட்டின.

பதில் வந்தது. பிள்ளை குப்புற விழுந்து தவழ ஆரம்பித்திருந்தது. மொரிகாவாவே மலையேறிக் கொண்டுவந்தார். பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்தி, டோக்கியோ இருக்கிற திசை பார்த்துக் குனிய வைத்த பிறகு பேசினார். மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது.

“ஒரு தோட்டக் கூலி கேட்டான். ஒரு பேரரசு பதில் சொல்லியிருக்கிறது. வெள்ளைக்காரன் சொல்லியிருப்பானா? எத்தனை அலுவலகங்கள், எத்தனை அதிகாரிகள் இதற்காக உழைத்திருக்கிறார்கள் தெரியுமா? கேளுங்கள்.” காகிதத்தைப் பிரித்தார். கொர்னேலியஸ் அதைப் பார்த்துத் தமிழில் சொன்னார். ஆரம்பத்தில் கோயில் குரலாகத்தான் இருந்தது.

“சயாமிலிருந்து தொழிலாளர் திரும்பி வர லோரி ஏற்பாடு செய்யப்படவில்லை. இதுவரை... தேவைப்பட்டதில்லை.”

யாரும் உடனே அழவில்லை. பனியில் அந்த வார்த்தை மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. பிறகு வரிசையின் பின்னாலிருந்து ஒருத்தி அலறினாள், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. மொரிகாவா கையை உயர்த்தி அமைதி கேட்டார். அவர் பேச்சு முடியவில்லை.

“சந்தேகம் தீர்ந்துவிட்டபடியால், மாடசாமி இனிமேல் மனநிறைவோடு கிளம்பலாம். லோரி காத்திருக்கிறது. மாடசாமி!”

எங்கள் கண்ணெல்லாம் சின்னையாமேல். அவன் தங்கம்மாவைப் பார்த்தான். பயந்தவனாகத் தெரியவில்லை. பட்ட கடனைக் கட்டப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தான்.

“செத்துட்டாருங்க,” என்றாள் தங்கம்மா.

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். கொர்னேலியஸ் அதை மொழிபெயர்த்தார். மொரிகாவா புருவத்தைத் தூக்கினார்.

“எப்போது?” என்று கேட்கச் சொன்னார்.

“இப்பதாங்க. நீங்க படிச்சீங்களே, அப்ப.”

இதைக் கொர்னேலியஸ் எப்படி மொழிபெயர்த்தார் என்று எங்களுக்குத் தெரியாது. மொரிகாவா தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். “பாவம், பதில் வருவதற்குள் அவசரப்பட்டுவிட்டான்” என்றார். அன்றோடு மாடசாமியின் அரிசி நின்றது. சின்னையாவுக்கு அதன் பிறகு எந்தக் கணக்கிலும் பெயர் இல்லை. சயாமுக்குப் போனவன் பெயர் சின்னையா, தோட்டத்தில் செத்தவன் பெயர் மாடசாமி. ஜப்பான்காரன் போகிறவரை கங்காணி கூப்பிடாத ஆளாக அவன் மேல்மலைச் செடிக்குள் கிழங்கு நட்டு, அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் கொண்டுவந்து போட்டான்.

சண்டை ஓய்ந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பழைய மேசையைப் பழைய பங்களாவுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். பெரட்டும் பழைய நேரத்துக்கே வந்துவிட்டது, முகம் தெரிகிற வெளிச்சத்தில். அப்படி ஒரு காலையில், ஒட்டிய வயிறும் காலில் ஆறாத புண்ணுமாக ஒருவன் பிரிஞ்சாங் பக்கமிருந்து நடந்து எங்கள் களத்துக்கு வந்தான். கீழ்நாட்டுத் தோட்டத்துக்காரன், சயாமிலிருந்து தப்பி வந்தவன்.

“இந்தத் தோட்டந்தான்னு சொன்னாங்க,” என்றான். “எங்க கேம்புல ஒருத்தரு இருந்தாரு. நல்ல மனுஷன். கஞ்சி குடுத்தா பாதிய அடுத்தவனுக்கு ஊத்துவாரு. என்ன, பேரு கூப்பிட்டா மட்டும் சட்டுனு பதில் வராது. வேற யாரையோ கூப்பிடுறாப்ல நிப்பாரு. அதுக்கே தெனமும் அடி. காலராவுல போயிட்டாரு. போறப்ப, புள்ள பொறந்திருக்கும்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. சின்னையான்னு பேரு. அவரு சனம் யாராச்சும் இருக்காங்களா?”

தங்கம்மா பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். அவளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வந்தவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான்.

“நீங்க அவருக்கு வேண்டப்பட்டவங்களாண்ணே? ஒங்க பேரு என்ன?”

சின்னையா வாயைத் திறந்தான், மூடினான். வரிசையில் நாங்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டுதான் இருந்தோம். அவனுக்காகக் குரல் கொடுக்க அன்றைக்கு ஒருவனும் இல்லை.